கயிறு பிடிக்கிறவன்

உயரமான கட்டடத்தின் வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவன் தொங்க வேண்டும், ஒருவன் பிடிக்க வேண்டும். தொங்குகிறவனைத் தெருவே அண்ணாந்து பார்த்து மூக்கில் விரல் வைக்கும். மேலே மொட்டைமாடியில் கயிறு பிடித்துக்கொண்டு நிற்கிறவனை ஓர் ஈ காக்காய்கூடத் திரும்பிப் பார்க்காது. ஆனால் தொங்குகிறவனைக் கேட்டுப் பாருங்கள். தைரியம் தன்னுடையது அல்ல, மேலே நிற்கிறவனுடையது என்று அவனே சொல்லுவான்.

இந்த வேலை செய்கிற அண்ணன் தம்பி இருவரை அந்த வட்டாரத்தில் பெரியவன், சின்னவன் என்றுதான் சொல்வார்கள். வயதுக்கு மட்டும் வைத்த பேர் இல்லை. பெரியவன் வாசற்படியில் நின்றால் வீட்டுக்குள் வெளிச்சம் வராது. சின்னவன் ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. யார் தொங்குவது, யார் பிடிப்பது என்று இருவரும் ஒரு நாளும் பேசி முடிவு செய்ததில்லை. முதல் நாள் வேலைக்குப் போனபோதே பெரியவன் கயிற்றைக் கையில் எடுத்தான், சின்னவன் பலகையில் உட்கார்ந்தான். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

வேலை இப்படி. மாடியில் அசையாத ஒரு தூணைப் பார்த்து அதில் கயிற்றை மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். ஒரு முனையில் உட்காருகிற பலகை, மறு முனை பிடிக்கிறவன் கையில். கொஞ்சம் கொஞ்சமாக விட விடப் பலகை இறங்கும். தெருச் சத்தத்தில் கத்தினால் காதில் விழாது. அதனால் தொங்குகிறவன் கயிற்றை ஒரு தடவை இழுத்தால் 'இறக்கு', இரண்டு தடவை இழுத்தால் 'நிறுத்து'. இடுப்பில் இன்னொரு கயிறு, ஆபத்துக்கு. அதை வேறோர் இடத்தில் தனியாகக் கட்டியிருப்பார்கள். அதையும் அவ்வப்போது அவிழ்த்து, தளர்த்தி, மறுபடி கட்டுவது மேலே நிற்கிறவன் பொறுப்பு. சின்னவன் ஒரு தடவைகூட முடிச்சைச் சரிபார்த்ததில்லை. அண்ணன் போட்ட முடிச்சைப் பார்க்கிறவன் தம்பியா?

அந்தப் பாழாய்ப்போன விளையாட்டு பெரியவன் போனுக்குள் எப்படி வந்தது என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. மாடியில் பொழுது போகாது, அது ஒன்று உண்மை. வெயிலில், தனியாக, பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாமல், கயிறு எப்போது அசையும் என்று நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டும். போனைத் திறந்தால் ஒரு வண்ணச் சக்கரம். விரலால் தொட்டால் கிணுகிணுவென்று சுழலும். பணம் கட்டி, எந்த நிறத்தில் நிற்கும் என்று சொல்ல வேண்டும். முதல் வாரம் ஜெயித்தான். ஜெயித்த கையோடு எல்லோருக்கும் ஏதாவது வாங்கி வந்தான். தம்பி மனைவிக்குச் செருப்பு, தன் மகளுக்கு மணி வைத்த சைக்கிள். வீடே சிரித்தது. அந்தச் சிரிப்புதான் தூண்டில் புழு என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

அப்புறம் தோற்க ஆரம்பித்தான். தோற்றவன் எழுந்து போக வேண்டியதுதானே என்பீர்கள். நானும் அப்படித்தான் சொல்லுவேன், வெளியே நின்று சொல்வது சுலபம். 'விட்டதைப் பிடித்துவிட்டு நிறுத்திவிடுகிறேன்' என்பது அவன் பேச்சு. பிடிக்கப் போனதில் இன்னும் கொஞ்சம் விட்டான். இரண்டு நாள் அந்தப் பக்கம் போகாவிட்டால், 'உங்களைக் காணாமல் தவிக்கிறோம், இந்தாருங்கள், இலவசமாகப் பத்துச் சுற்று' என்று போனில் செய்தி வந்து நிற்கும். கூடப் பிறந்தவன்கூட இவ்வளவு அக்கறையாக விசாரிக்கமாட்டான். வீட்டில் சாமான்கள் ஒவ்வொன்றாக ரிப்பேருக்குப் போயின. எதுவும் திரும்பி வரவில்லை. மணி வைத்த சைக்கிளும் ரிப்பேருக்குத்தான் போனது. பெண் சின்னப் பிள்ளை, தினமும் 'சரியாயிருச்சாப்பா?' என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

சின்னவனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தான். அண்ணனைக் கேள்வி கேட்டுப் பழக்கம் இல்லை, அதுதான் அவன் செய்த தப்பு. புதிதாக வாங்கிய இடுப்புக் கயிற்றைக் காணோம் என்றபோதுகூட, 'முரடா இருந்துச்சுடா, ஊறவச்சுக் காயப்போட்டிருக்கேன், அதுவரைக்கும் பழசைக் கட்டிக்க' என்று பெரியவன் சொன்னதும் தலையாட்டினான். புதுக் கயிற்றை ஊறவைத்துப் பதப்படுத்துவது வழக்கம்தான். வேறு தொழில்காரனாக இருந்தால் சந்தேகப்பட்டிருப்பான். இவனுக்கு அந்தப் பொய் பொருத்தமாக இருந்தது.

ஒரு மத்தியான வேளை. சின்னவன் நாலாவது மாடி உயரத்தில் ஒரு ஜன்னலுக்குப் பக்கத்தில் நீல வர்ணம் அடித்துக்கொண்டிருந்தான். திடீரென்று உட்கார்ந்திருந்த பலகை நழுவிப் போனது. ஓர் ஆள் உயரம் சரிந்தான். வாளி கவிழ்ந்து சுவர் முழுக்க நீலமாக ஒழுகியது. இடுப்புக் கயிறு விலாவை அறுத்துப் பிடித்து நிறுத்தியது. பக்கத்து ஜன்னலில் துணி காயப்போட வந்த ஓர் அம்மாள் பார்த்து, பதறிப்போய், கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு எழுந்தான்.

படியேறி மாடிக்குப் போனான். பெரியவன் கயிற்றின் முனையைக் காலில் மிதித்துக்கொண்டு, இரண்டு கையிலும் போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். சக்கரம் சுழன்றுகொண்டிருந்தது. எப்போதோ காலை மாற்றி வைத்திருக்கிறான். கயிறு ஓடியதே அவனுக்குத் தெரியவில்லை. தம்பியை நிமிர்ந்து பார்த்து, முகம் மலர்ந்து, கேட்டான்.

"என்னடா, மேல வந்துட்டே? டீ குடிக்கப் போலாமா?"

விழுந்ததைவிட அந்தக் கேள்விதான் சின்னவனுக்கு வலித்தது. அவன் திட்டவில்லை, கை ஓங்கவில்லை. கீழே இடுப்பிலிருந்து அவிழ்த்துவிட்டு வந்த பழைய கயிற்றை மேலே இழுத்து அண்ணன் முன்னால் போட்டான். பாதிப் புரி அறுந்திருந்தது. பெரியவன் அதைப் பார்த்தான், தம்பியின் சட்டையில் ஒழுகிய நீலத்தைப் பார்த்தான். அந்த மலை போன்ற ஆள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். புதுக் கயிற்றை விற்று அந்தப் பணத்தையும் சக்கரத்தில் விட்டுவிட்டதாக அவனே சொன்னான்.

இதோடு திருந்திவிட்டான் என்று கதை சொல்ல எனக்கும் ஆசைதான். நடக்கவில்லையே! சத்தியம் செய்தான், மீறினான். போனை மனைவியிடம் கொடுத்தான், பக்கத்து வீட்டுக்காரர் போனை இரவல் வாங்கி ஆடினான். ஆனால் அந்தத் தடவை அவனே வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னான். அதுவரை எல்லாமே கண்டுபிடிக்கப்பட்டவை, இதுதான் அவனாகச் சொன்ன முதல் விஷயம். அவள் அழவில்லை. மறுநாள் காலையில் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இது புத்தி கெட்டுப்போனது இல்லை, நோய் என்று டாக்டர் சொன்னார். நோய் என்றால் வைத்தியம் உண்டு என்று பொருள், அது ஒரு ஆறுதல். அங்கிருந்துதான், நூலகத்துக்குப் பின்னால் ஓர் அறையில் வாரா வாரம் கூடுகிற ஒரு கூட்டத்துக்கு வழி காட்டினார்கள். எல்லோரும் சூதில் அடிபட்டவர்கள். நடத்துகிறவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். தன் வீட்டையே போனுக்குள் தொலைத்தவர். கை ஊறினால் எந்த நேரமானாலும் எனக்குப் போன் பண்ணு, வெட்கப்படாதே என்று அவர் பெரியவனிடம் சொல்லி வைத்தார். வெறும் பட்டன் வைத்த பழைய போன் ஒன்று வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. பெரியவன் இப்போது கீழேதான் வேலை செய்தான். சுவர் சுரண்டுவது, உப்புத்தாள் போடுவது, பள்ளம் அடைத்துப் பட்டி பூசுவது, வர்ணம் கலக்குவது. கயிறு பிடிக்க வேறோர் ஆளை வைத்திருந்தார்கள். வாயைத் திறக்கவேமாட்டார், அதனால் அவருக்கு ஊமைக்கோட்டான் என்று பேர். நல்ல மனிதர், நல்ல கை. ஆனால் காலையில் கயிற்றுச் சுருளை வண்டியிலிருந்து இறக்கும்போது பெரியவன் அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போவதைச் சின்னவன் பார்ப்பான். சூடு கண்ட பூனை. கேலி செய்யத்தான் வாய் வரும், செய்யமாட்டான். அண்ணன் மேலே நிற்காத சுவரில் தொங்குவது அவனுக்கு வெறும் வேலையாகிவிட்டது.

ஒரு பள்ளிக்கூடத்தின் புதுக் கட்டடம். திறப்பு விழாவுக்கு முன்னால் பின்பக்கச் சுவர் ஒன்று மட்டும் பாக்கி. அந்த நேரம் பார்த்து ஊமைக்கோட்டான் படியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். வேறு ஆள் அனுப்பட்டுமா என்று மேஸ்திரி கேட்டார். நாளைக்குச் சொல்கிறேன் என்றான் சின்னவன். அந்த ஒரு வார்த்தையிலேயே அவன் மனசு எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டது. இன்னோர் ஆளை வைத்தால் அண்ணன் இந்த ஜென்மத்துக்கும் கீழேயே நிற்க வேண்டியதுதான். அண்ணனிடம் கயிற்றைக் கொடுத்தால், தொங்கப்போவது தன் உயிர். வீட்டில் குழந்தை இப்போதுதான் தவழ ஆரம்பித்திருக்கிறது.

மனைவியிடம் சொன்னான். அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், எதையும் அளந்துதான் பேசுவாள். குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு சொன்னாள்.

"உங்க அண்ணன் நல்லவர்தான். நான் இல்லேன்னு சொல்லல. அந்த நல்லவர் காலடியிலிருந்துதான் அன்னைக்குக் கயிறு ஓடுச்சு."

அவளைக் குற்றம் சொல்ல முடியுமா? விலாவில் இருந்த காயத்துக்கு மருந்து போட்டவள் அவள். மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கின கதையாகிவிடும் என்றும் சொன்னாள். அண்ணியாவது தன் பக்கம் நிற்பாள் என்று நினைத்து அங்கே போனான். அண்ணி பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். கேட்டுவிட்டு, ஊசியில் நூல் கோக்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"வேணாம் தம்பி. அவர் இப்பத்தான் ராத்திரி தூங்குறார். உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு ரெண்டு பேரும் போன மாதிரிதான். கொடுத்துராதீங்க."

ஆக, இரண்டு வீட்டிலும் வேண்டாம் என்றுவிட்டார்கள். சின்னவனுக்கே கொடுக்கலாமா என்று கேட்டால் நெஞ்சு ஒரு பக்கம், வயிறு ஒரு பக்கம் இழுத்தது. நெஞ்சு சரி என்றது. வயிறு அந்த மத்தியானத்தை மறக்கவில்லை.

இருந்தும் மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், சுவர் நிழலில் இருவரும் உட்கார்ந்திருந்தபோது, எங்கேயோ பார்த்துக்கொண்டு சொல்லிவிட்டான்.

"அண்ணே, நாளைக்கு நீ கயிறு பிடி."

பெரியவன் மெல்லுவதை நிறுத்தினான். பட்டித் தகட்டை எடுத்துக் காய்ந்த பட்டியைச் சுரண்டினான். சுரண்ட ஒன்றும் இல்லாத பிறகும் சுரண்டிக்கொண்டிருந்தான். இந்த வார்த்தைக்காகத்தான் அவன் ஒரு வருஷமாக வாயைத் திறக்காமல் வேலை செய்தான். கண் கலங்கிவிட்டது. ஆனால் வேண்டாம் என்று தலையாட்டினான்.

"நேத்துச் சாயங்காலம் பஸ் ஸ்டாப்புல பக்கத்துல ஒருத்தன் அந்தச் சக்கரத்தைச் சுத்திக்கிட்டிருந்தான். சத்தம் கேட்டுச்சு. என் பஸ் வந்துச்சு, போச்சு. நான் ஏறலடா. அவன் ஆடி முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கிட்டே நின்னேன்."

அப்புறம் கூட்டம் நடத்துகிற டிரைவருக்குப் போன் செய்தானாம். அவர் வந்து வீடு வரைக்கும் கூட நடந்தாராம். பணம் போகவில்லை, விளையாடவில்லை. ஆனாலும் பெரியவனுக்குத் தன்மேல் இன்று நம்பிக்கை இல்லை. அதைச் சொல்லிவிட்டுத் தகட்டைக் கீழே வைத்தான்.

சின்னவனுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. பொண்டாட்டியிடம் வாதாடி, அண்ணியிடம் கெஞ்சி, தன் வயிற்றிடம் சண்டை போட்டு இந்த மனிதனுக்குக் கயிற்றைக் கொண்டுவந்து நீட்டினால், வேண்டாமாம்! அப்படியானால் சுவரை யார் அடிப்பது என்று கேட்டான். பெரியவன் யோசித்துவிட்டு, நீ பிடி, நான் தொங்குகிறேன் என்றான். சின்னவனுக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. பலகை தாங்குமா என்றான். பலகைக்கு என்னடா, அது மரம், என் காலைத்தான் நம்ப முடியாது என்றான் பெரியவன். இத்தனை வருஷத்தில் அவன் ஒரு நாளும் கைப்பிடிச் சுவரைத் தாண்டியது கிடையாது.

மறுநாள் காலையில் தாண்டினான். தாண்டினான் என்று சொல்கிறேன், பார்த்திருந்தால் நீங்கள் வேறு வார்த்தை சொல்லுவீர்கள். சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஒரு காலை அந்தப் பக்கம் போட்டுவிட்டு, மறு காலைக் கொடுக்கமாட்டேன் என்று மல்லுக்கட்டினான். கீழே பார்க்காதே, சுவரைப் பார் என்று சின்னவன் சொல்லிக்கொண்டே இருந்தான். இடுப்புக் கயிற்றை இரண்டு தடவை சரிபார்த்தான். புதுக் கயிறு. கடைசியில் பலகையில் பாரம் இறங்கியது, தூணைச் சுற்றிய கயிறு இறுகிக் கிறீச்சிட்டது. சின்னவன் கையில் அண்ணன் இருந்தான்.

முதல் கொஞ்ச நேரம் கண் இமைக்காமல் நின்றான். ஓர் இழுப்பு வரும், விடுவான். இரண்டு வரும், நிறுத்துவான். வெயில் ஏறியது. தண்ணீர்த் தொட்டி, இரண்டு குழாய், ஒரு உடைந்த நாற்காலி, அதைத் தவிர மாடியில் பார்க்க ஒன்றும் இல்லை. கை மரத்தது, கால் மாற்றினான். கயிறு அசையாமல் கிடந்தது. அண்ணன் நிதானமாக அடிக்கிறவன், ஒரு இடத்தை முடிக்க நேரமாகும். இப்படித்தானா அண்ணன் இத்தனை வருஷம் நின்றான்? கீழே தொங்குகிறவனுக்குக் காற்று உண்டு, வேலை உண்டு, தெரு உண்டு. மேலே ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாத இடத்தில்தான் அது வந்து உட்கார்ந்துகொண்டது. சின்னவன் அண்ணனைப் பற்றி இப்படி யோசித்ததே இல்லை. ஒரு நாளாவது மேலே வந்து, 'அண்ணே, சலிப்பா இருக்கா?' என்று கேட்டிருப்பானா?

அப்போது பையில் போன் அடித்தது. எடுத்தான். எடுக்கலாமா வேண்டாமா என்றெல்லாம் யோசிக்கவில்லை, கை தானாகப் போய் எடுத்துவிட்டது. இடது கையில் கயிறு, வலது கையில் போன். மனைவி. காலையிலிருந்து மனசே சரியில்லை என்றாள். யார் கயிறு பிடிக்கிறார்கள் என்று கேட்டாள்.

"நான்தான். அண்ணன் தொங்கறான்."



"அப்ப போனை ஏன் எடுத்தீங்க?" என்றாள்.

போனைத் தரையில் போட்டான், வைக்கவில்லை, போட்டான். இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்தான். அப்போது கயிற்றில் ஓர் இழுப்பு வந்தது. மெதுவான, பொறுமையான இழுப்பு. அது முதல் தடவை வருகிற இழுப்பு இல்லை என்று அவனுக்கு உடனே தெரிந்தது. உள்ளங்கை எரிய எரியக் கயிற்றை விட்டான். கீழே கால் தரையில் படுகிற வரைக்கும் வேறு எதையும் பார்க்கவில்லை.

பெரியவன் படியேறி வந்தான். மூச்சு வாங்கியது, மூக்கு நுனியில் பெயிண்ட். உயிரோடு திரும்பியதில் அவனுக்கு ஒரே பெருமை. தம்பி முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது. சின்னவன் ஒளிக்கவில்லை. கயிறு கையில் இருக்கும்போதே போனை எடுத்துப் பேசினேன், நீ இழுத்தது எனக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டான். மாசக்கணக்கில் அண்ணனை மனசுக்குள் கூண்டில் ஏற்றி விசாரித்தவன், இப்போது தானே அந்தக் கூண்டில் நின்றான்.

பெரியவன் மூன்று தடவை இழுத்துப் பார்த்ததாகச் சொன்னான். ஏன் கத்தவில்லை என்று சின்னவன் கேட்டான்.

"கத்தினா நீ பதறிப்போய்க் கயித்தை விட்டுருவே. சும்மா இருந்தா வந்துருவேன்னு தெரியும்டா. நீ வந்துட்டே. எனக்குத்தான் அன்னைக்கு வரத் தெரியல."

அதற்கு மேல் சின்னவனால் முடியவில்லை. அண்ணனின் அகலமான தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். விழுந்த அன்றைக்கு அழ வேண்டிய அழுகை அது, இத்தனை நாள் உள்ளேயே கிடந்தது. பெரியவன் பெயிண்ட் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு நின்றான், அப்புறம் சட்டை போனால் போகட்டும் என்று முதுகில் வைத்துத் தட்டிக்கொடுத்தான். உனக்கு வந்தது ஒரு போன், எனக்கு வந்தது நோய், இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டு என்னை மன்னித்துவிடாதே என்றும் சொன்னான். அந்தக் கூட்டத்துக்குப் போய் வந்ததில் இப்படிப் பேசக் கற்றிருந்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு சுவரில் பாதி பாக்கி இருந்தது. சின்னவன் தன் போனைப் பள்ளிக்கூட வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வந்தான். பெரியவன் தன் பட்டன் போனையும் கொடுத்தான். அதில் என்ன இருக்கிறது, எண்கள்தானே என்று வாட்ச்மேன் சிரித்தார். இருக்கட்டும் என்றான். மாடியில் சின்னவன் பலகையை இழுத்துப் போட்டுக்கொண்டு கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தான். இந்தா பிடி என்று சொல்லவில்லை. கயிற்றுமுனை தரையில் கிடந்தது. அதை எடுக்காமல் பெரியவன் கேட்டான்.

"என்னை ஒண்ணு கேளு. நீ கேக்காம நான் இதைத் தொடமாட்டேன்."

"என்ன கேக்கணும்?"

"இன்னிக்கு எப்படி இருக்குன்னு கேளு. தினமும் கேளு. டிரைவர் கேக்குறார், உங்க அண்ணி கேக்குறா. நீ மட்டும்தான் கேக்கறதில்ல."

சின்னவன் அண்ணனைக் கேள்வி கேட்டுப் பழகாதவன். ஆனாலும் கேட்டான்.

"அண்ணே, இன்னிக்கு எப்படி இருக்கு?"

பெரியவன் அவசரப்படாமல் தன்னைத்தானே விசாரிக்கிற மாதிரி நின்றான். காலையில் இருந்த நடுக்கம் இப்போது இல்லை என்றான். தம்பி அழுததைப் பார்த்ததில் மனசு இங்கேயே இருக்கிறது, வேறெங்கும் போகவில்லை என்றான். கயிற்றை எடுத்துத் தூணில் ஒரு சுற்று கூடுதலாகவே சுற்றினான். சின்னவன் இறங்கினான். இறங்கும்போது வயிறு பயந்தது, பொய் சொல்வானேன். பயத்தோடுதான் இறங்கினான். ஓர் இழுப்புக்கு ஒரு இறக்கம், இரண்டு இழுப்புக்கு ஒரு நிறுத்தம், ஒன்றும் தவறவில்லை. அண்ணன் கயிறு பிடித்ததைச் சாயங்காலம் மனைவியிடம் சொன்னான். அவள் கோபித்துக்கொண்டாள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனாள். ஆனால் அதற்குப் பிறகு வேலை நேரத்தில் அவள் போன் செய்வதே இல்லை.

அந்தச் சுவர் முடிந்து, வேறு சுவர்கள் வந்தன. தினமும் காலையில் சின்னவன் கேட்பான், பெரியவன் யோசித்துப் பதில் சொல்வான், பிறகுதான் கயிறு. பதில் எப்போதும் ஒன்றுபோல வராது. அப்படித்தான் ஒரு நாள், பாதி பெயிண்ட் அடித்த ஓர் உயரமான கட்டடத்தின் அடியில், பெரியவன் தலையைக் குனிந்துகொண்டு, இன்னிக்கு வேணாம்டா என்றான். ஏன் என்று சின்னவன் கேட்கவில்லை. கயிற்றுச் சுருளை வண்டியிலேயே விட்டுவிட்டு, உப்புத்தாளை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியை அண்ணனிடம் கொடுத்தான். கீழ்ச் சுவரைத் தேய்க்க ஆரம்பித்தார்கள்.

மத்தியானம் மேஸ்திரி வந்தார். மேல் சுவர் அப்படியே நிற்பதைப் பார்த்து எகிறினார். சின்னவன் நிதானமாக, கயிறு பிடிக்கிறவருக்கு இன்றைக்கு முடியவில்லை, நாளைக்கு அடித்துவிடுகிறோம் என்றான்.

"என்னய்யா முடியலே? ஆள் குத்துக்கல்லாட்டம் உன் பக்கத்துலதானே நிக்கிறான்?"

"ஆமா. அவன்தான் சொன்னான், முடியலேன்னு. அப்படிச் சொல்றவன் கயித்துலதான் நான் தொங்குவேன்."

மேஸ்திரிக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு பேருக்கும் மறை கழன்றுவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டு போனார். பெரியவன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, தேவைக்கு மேல் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தான். சின்னவன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, தன் பங்குச் சுவரைப் பார்த்தான். சாயங்காலம் டிரைவர் அந்த வழியாக வந்து பெரியவனைக் கூட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் மாடியில் வைத்துச் சின்னவன் கேட்டான். பெரியவன் கொஞ்ச நேரம் யோசித்தான்.

"இறங்கு" என்றான்.

சின்னவன் இறங்கினான்.